உயிர் பிடித்த முட்டைகள்

எங்கள் கரட்டடி ஊரில் எட்டாயிரம் கோழிகள் இருந்தும் ஒரு சேவல் கிடையாது. முட்டைப் பண்ணைக்குச் சேவல் எதற்கு, தீவனத்தைத் தின்றுவிட்டுக் கூவும், அவ்வளவுதான். ஆகவே எங்கள் ஊரில் விடிந்ததைப் பால் வண்டியின் ஹாரன்தான் சொல்லும், கோழிகள் கம்பிக் கூண்டில் நின்ற நிலையில் முட்டை இடும், இட்ட முட்டை சரிவான கம்பித் தரையில் உருண்டு முன்விளிம்புக்கு வந்து நிற்கும், இட்ட கோழி அதைத் திரும்பியும் பார்க்காது. அடை வைத்தால் பொரியாத முட்டையை எங்கள் பக்கம் கூமுட்டை என்பார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஊரிலிருந்து லாரி ஏறிப் போவது அத்தனையும் கூமுட்டைதான், அதைத் தின்றுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள், அதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட பண்ணையில், பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, முட்டைகளுக்கு உயிர் பிடித்தது.

முதலில் பார்த்தவள் கலாமணி. முட்டை அறையில் அவளுக்கு வெளிச்சம் பார்க்கிற வேலை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஓட்டை போட்ட தகர டப்பாவுக்குள் எரியும் பல்புக்கு முன்னால் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து, விரிசல் விட்டதையும் ரத்தப் பொட்டு உள்ளதையும் ஒதுக்கி, நல்லதை அட்டையில் அடுக்க வேண்டும். அன்றைக்குப் பிடித்த முதல் முட்டையில் ஒரு கரும்புள்ளி இருந்தது, அதைச் சுற்றிச் சிவப்பு நூல்கள் ஓடியிருந்தன, சிலந்தி ஒன்று உள்ளே காலை விரித்து உட்கார்ந்திருப்பதுபோல. அந்தப் புள்ளி துடித்தது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பிடித்தாள், அதிலும் துடித்தது; அதற்கு அடுத்ததிலும்; ஓர் அட்டை முடிந்தபோது நல்லதை அடுக்கும் பக்கம் காலியாகவும் ஒதுக்கிய பக்கம் நிறைந்தும் இருந்தது. கலாமணி யாரையும் கூப்பிடவில்லை. பல்பை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து தன் அடிவயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். பயப்படக் கூடாது, பயந்தால் உடம்பு கேட்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் பயம் அப்போதே வந்துவிட்டது.

கலாமணிக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை ஊசி போட்டு, முட்டை எடுத்து, கருவாக்கி உள்ளே வைத்து, இரண்டும் தங்கவில்லை. வயது ஏறுகிறது, இது மூன்றாவது, இதற்குமேல் உடம்பைப் படுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் ஒரு முட்டை விடுகிற உடம்பை ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டை வளர்க்கச் செய்கிற ஊசி அது. தினமும் அதே நேரத்துக்குப் போட வேண்டும், குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். பண்ணை ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஃபிரிட்ஜ் இல்லை, பண்ணையில்தான் இருந்தது. அதன் மேல்தட்டில் கோழிகளுக்கான வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, கீழ்த்தட்டில் கலாமணியின் ஊசி மருந்து. ஊசி போடுவது அவள் புருஷன் நாச்சிமுத்து. பண்ணையில் தீவனம் அரைப்பவனும் அவன்தான், கோழிகளுக்கு ஊசி போடுபவனும் அவன்தான்.

“கோழின்னா றெக்கையத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். உனக்குப் போடறப்பத்தான் நடுங்குது.”

“தொப்புளுக்கு ரெண்டு வெரல் தள்ளிப் போடுங்க மாமா. கண்ணத் தொறந்துக்கிட்டுப் போடுங்க.”

“எட்டாயிரத்துக்குப் போட்ட கை புள்ள இது.”

“எட்டாயிரத்துக்கு ஆடாதது ஒண்ணுக்கு ஆடுது பாருங்க.”

இப்படித்தான் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். முட்டைகளில் நூல் ஓடிய பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் மாலை ஏழு மணிக்கு நாச்சிமுத்து ஊசியைச் செருகியதும், நூறு அடி தள்ளி, சுவருக்கு அப்பால், அடுக்கி வைத்த அட்டைகளிலிருந்து புளியங்கொட்டைகளை முறத்தில் போட்டு ஆட்டியதுபோல ஒரு சத்தம் எழுந்தது. ஊசியை உருவியதும் அடங்கியது. இரண்டு பேரும் கேட்டார்கள். இரண்டு பேரும் கேட்காததுபோல் இருந்தார்கள்.

ஊர் தெரிந்துகொண்ட விதம் வேறு. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அம்மா முட்டைகளைத் தண்ணீரில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தார், தண்ணீர் இளஞ்சூடு ஆனபோது பாத்திரத்துக்குள் யாரோ விரலால் தட்டுவதுபோல் கேட்டது, ஒரு விரல் அல்ல, நூற்றிருபது பிள்ளைகளுக்கான நூற்றிருபது விரல்கள். அவர் அடுப்பை அணைத்தார், பாத்திரத்தை இறக்கினார், அதன்மேல் தன் முந்தானையைப் போட்டு மூடினார், அன்றைக்குப் பிள்ளைகள் வெறும் சாம்பார்ச் சோறு தின்றார்கள். கேரளாவுக்குப் போன லாரி வாளையாற்றைத் தாண்டவில்லை. பின்னால் ஒரு கூட்டம் ஒரே மூச்சாக மூச்சுவிடுகிறது, நான் தனியாளாக ஓட்ட மாட்டேன் என்று டிரைவர் திரும்பி வந்துவிட்டார்.

முதலாளி ரங்கப்பன் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு காரணம் வேண்டும் அவருக்கு. கால்நடை டாக்டரை வரவழைத்தார். டாக்டர் நாலு முட்டையை உடைத்துப் பார்த்தார், ஐந்தாவதை உடைக்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு, “நோயெல்லாம் ஒண்ணுமில்ல ரங்கப்பா, எங்கயோ சேவல் பூந்திருக்குது” என்றார். ஆகவே நாங்கள் சேவலைத் தேடினோம். ஷெட்டுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தோம், தீவன மூட்டைகளைப் புரட்டினோம், பக்கத்து ஊரில் சண்டைக்கோழி வளர்ப்பவன் வீட்டுக் கூடைகளைத் தூக்கிப் பார்த்து அவனிடம் ஏச்சு வாங்கினோம். கூண்டு கூண்டாக எட்டாயிரம் கோழிகளின் கொண்டையையும் வாலையும் சோதித்தோம்.

“ஒரு சேவல் எட்டாயிரத்தையும் மிதிச்சிருச்சுன்னா அதப் புடிச்சு நம்மூருப் பஞ்சாயத்துப் பெரசரண்டு ஆக்கிப்போடலாம்” என்றாள் பாப்பாத்தி. அவள் கலாமணியோடு முட்டை அறையில் வேலை செய்பவள், நாக்கில் முள் வைத்துக்கொண்டு பிறந்தவள். யாரும் சிரிக்கவில்லை. கோழிகள் அப்போது செய்துகொண்டிருந்தது எங்கள் எல்லோரையும் கலக்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அடைகாக்கும் புத்தியே எடுக்கப்பட்ட வெள்ளைக் கோழிகள் அவை. அவை இப்போது உருண்டுபோன முட்டையை எட்டுவதற்காகக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டின, எட்டவில்லை, தீவனத்தைத் தொடாமல் நீட்டிய கழுத்தோடே நின்றன, ஷெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சத்தமே இல்லாத எட்டாயிரம் கழுத்துகள்.

பிறகு பழகிப்போனது. எதுவும் பழகிப்போகும். விற்க முடியாத முட்டைகள் முட்டை அறை நிறைந்து, தீவனக் கொட்டகை நிறைந்து, முதலாளி வீட்டு முன்வாசல்வரை அடுக்கடுக்காக வந்தன. வெயிலில் இருந்தும் கெடவில்லை, நாற்றமில்லை, தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டன. டீக்கடையில் ஆம்லெட்டை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கு போண்டா போட்டார்கள். அட்டைகள் இருக்கும் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோரும் கழற்றினோம். அங்கே சண்டை போட்டால் முட்டைகள் நடுங்கின, ஆகவே சண்டைக்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் ராசிபுரத்திலிருந்தும் மோகனூரிலிருந்தும் வந்து ஷெட்டின் கம்பி வலையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றார்கள், கண்ணாடி வளையலைக் கழற்றி வலையில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஆண்கள் ஒருவரும் பார்க்காதபோது தங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். அட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றால் தங்கள் நாடியும் அவற்றின் துடிப்போடு சேர்ந்துகொள்வதை ஒவ்வொருவரும் தனியாகக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரும் அதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொண்டார்கள்.

கலாமணி மட்டும் பழகவில்லை. வயிறு உப்பிக் கனத்தது, மார்பு வலித்தது, தலை இடித்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது. இதெல்லாம் ஊசியால் வருவதுதான் என்று சிஸ்டர் சொன்னார். ஸ்கேன் அறையில் படுத்துக்கொண்டு திரையில் கருப்புக் கருப்பு வட்டங்களாகத் தன் முட்டைகளைப் பார்த்தாள். “பதினொண்ணு நல்லா வளர்ந்திருக்கு” என்றார் டாக்டரம்மா.

“அதுல உசுரு இருக்குதுங்களா?”

“அது அப்புறம்மா. வெளியே எடுத்துச் சேர்த்தாத்தான் உயிர். இப்ப வெறும் முட்டை.”

வெளியே எடுத்துச் சேர்க்காமலே உயிர் பிடித்தவற்றின் நடுவில்தான் கலாமணி தினமும் படுத்து எழுந்தாள். ஒரு குடத்துத் தண்ணீரை ஒரு செடிக்கு ஊற்றலாம், ஒரு காட்டுக்கு ஊற்றினால் எந்தச் செடி பிழைக்கும்? தனக்கென்று போடுகிற ஊசி அங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. புருஷனிடம் சொன்னாள். அவன் ஊசி மருந்தை எடுத்துப்போய் ஏழு மைல் தள்ளித் தன் தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தான், ஊசி போட்டுக்கொள்ள அவளையும் அங்கேயே கூட்டிப்போனான். போட்டான். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சந்தோஷப்பட்டுத் தங்கச்சி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியபோது லைன் வீட்டுச் சனமெல்லாம் தெருவில் நின்றது.

பாப்பாத்திதான் முன்னால் வந்தாள். “ஏ புள்ள, ஏழு மணிக்கு ஊசி போட்டயா?”

“போட்டேங்க்கா.”

“தெனமும் ஏழு மணிக்குச் சலசலன்னு துடிக்கும். இன்னைக்குச் சலசலக்கல, அழுதுச்சு. நாங்க அத்தன பேரும் கேட்டோம். தாயக் காணாத புள்ளைக மாதிரி அழுதுச்சு.” எப்போதும் குத்துகிற பாப்பாத்தி குரல் அன்றைக்குக் குழறியது. “நீ வந்து தெரு முக்குல திரும்புனயில்ல, அப்பத்தான் நின்னுச்சு.”

அதன்பின் எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவளுக்கு வழிவிட்டார்கள், அவள் குடத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள், அவள் போன பிறகு அவள் நின்ற இடத்தில் நிற்காமல் தள்ளி நின்றார்கள். முன்பெல்லாம் கூமுட்டை என்று ஜாடையாகச் சொன்னவர்கள் இப்போது அந்தச் சொல்லையே பேச்சில் எடுக்கவில்லை. முதலாளி ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, துண்டைக் கையில் சுருட்டியபடி, “அம்மிணி, இந்த ஊசிய நிறுத்திப்போட்டா என்ன?” என்றார்.

“இன்னும் மூணு ஊசிதானுங்க மொதலாளி. இத விட்டா எனக்கு வேற இல்லீங்க.”

அவர் தன் மூன்று பேரப்பிள்ளைகளை நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

முட்டை எடுக்கும் நாள் வந்தது. மயக்கம் தெளிந்தபோது டாக்டரம்மா கட்டிலருகில் உட்கார்ந்திருந்தார். பதினொன்றும் எடுத்தோம், பத்து வெறும் கூடு, ஒன்றுதான் சரியாக இருந்தது என்றார். எங்கே போயிற்று அந்தப் பத்து என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது, கலாமணிக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்று கருவானது. ஐந்தாம் நாள் அதை உள்ளே வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்து அனுப்பு, கரு தங்கியதா என்று ஃபோனில் சொல்கிறோம், அதுவரை மனசைத் தளர்வாக வைத்துக்கொள் என்றார்கள்.

கலாமணி கட்டிலில் படுத்தபடி சுவருக்கு அப்பாலிருந்து வரும் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசி நின்ற பிறகும் அவை நிற்கவில்லை. இருபத்தொரு நாளில் பொரிய வேண்டியவை, பொரியவும் இல்லை, சாகவும் இல்லை, எதற்கோ காத்திருந்தன, அவளும் காத்திருந்தாள். இரண்டு காத்திருப்பும் ஒன்றுதானோ என்று நினைத்தபோது சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தாள். அவற்றில் ஏதாவது ஒன்று ஓட்டை உடைத்து வந்தால் தன்னுடையது வராது என்று ஒரு சமயம் தோன்றும். அவை செத்தால் தன்னுடையதும் சாகும் என்று இன்னொரு சமயம் தோன்றும். எது சரி என்று கேட்க உலகத்தில் ஓர் ஆள் இல்லை.

ரத்தம் எடுத்து அனுப்பிய அன்றைக்கே முதலாளி ஜேசிபியை வரவழைத்துவிட்டார். அவரும் எத்தனை நாள் பொறுப்பார், முட்டை வீட்டுக்குள்ளும் ஏறிச் சோறு தின்ன இடமில்லை, மருமகள் பயந்துபோய் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கரட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, அட்டை அட்டையாகத் தூக்கிக் கொண்டுபோய்க் குழியில் அடுக்கினோம், கொட்டவில்லை, அடுக்கினோம். கடைசி அட்டை இறங்கியதும் முதலாளி கையைக் காட்டினார். ஜேசிபி நகரவில்லை. ஓட்டுபவர் இறங்கி வந்தார். பேர் பெருமாயி மகன் அர்த்தனாரி, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன்.

“கோபிச்சுக்காதீங்க. மண்ண நான் தள்ள மாட்டேன். சூடு மேல வருது பாருங்க. யாராச்சும் இது என்னுதில்லைன்னு சொல்லட்டும், அப்பறம் தள்றேன்.”

“எம்பண்ணை முட்டைதான்யா, என்னுதில்லைன்னு நானே சொல்றேன், தள்ளு” என்றார் முதலாளி.

“நீங்க சொன்னாப் பத்தாதுங்க. அவங்க சொல்லட்டும்.”

அவர் விரலை நீட்டவில்லை. ஆனாலும் நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கலாமணி நாச்சிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு சரிவில் மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தாள், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதவள். கூட்டம் விலகியது.

முதலாளி தணிந்த குரலில் சொன்னார்: “இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு அம்மிணி. ஒரே ஒரு வார்த்த. உனக்கும் நல்லது. உன்னுது உள்ள தனியா, பத்தரமா இருக்கும்.”

“சொல்லு கலா” என்றான் நாச்சிமுத்து. அவன் அழுதுகொண்டிருந்தான். “நமக்கு அந்த ஒண்ணு போதும் புள்ள. சொல்லிப்போடு.”

பாப்பாத்தி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

கலாமணி குழியின் ஓரத்தில் நின்று வாயைத் திறந்தாள். அவ்வளவு நாளும் ஓயாத துடிப்பு அந்தக் கணத்தில் நின்றது. ஒவ்வொரு முட்டையும், குழியின் அடிமட்டத்தில் இருந்தவைகூட, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காதுகொடுத்துக் கேட்டது. அப்படி ஒரு கவனிப்பை நாங்கள் எந்தச் சாமி முன்னாலும் பார்த்ததில்லை. இல்லை என்ற சொல் அவள் நாக்குவரை வந்ததை நாங்கள் பார்த்தோம், உதடு அதற்காகக் குவிந்ததைப் பார்த்தோம். பதினாலு வருஷம் அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

“என்னுதுதானுங்க” என்றாள். பிறகு, யாரோ மறுத்துப் பேசியதுபோல, சத்தமாக: “அத்தனையும் என்னுதுதான்.”

காற்று வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. குழியிலிருந்து வந்த சூடு நின்றுவிட்டது. பிறகு பாப்பாத்தி சரிந்து இறங்கி ஒரு முட்டையை எடுத்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், ஜேசிபியின் இரும்புப் பல்லில் தட்டி உடைத்தாள். மஞ்சள் கரு, வெள்ளைக் கரு. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே, அன்றைக்குக் காலையில் இட்டதுபோலப் புதுசாக, பச்சை வாசனையோடு. நாச்சிமுத்து ஒன்றை உடைத்தான். முதலாளி ஒன்றை உடைத்தார். எதிலும் ஒரு நூல்கூட இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் குழியிலிருந்த அட்டைகளை ஏற்றி முடித்தோம். லாரி டிரைவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். கோழிகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தீவனம் தின்றன. வளையல்களைக் கழற்றிவிட்டு வலையைத் துடைத்தார்கள். முதலாளி மருமகளுக்கு ஃபோன் போட்டு வரச் சொன்னார். எல்லோரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டுகூட, வீட்டுக்குப் போனோம். அவ்வளவு உயிரும் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. நாச்சிமுத்து ஸ்பீக்கரில் போட்டான். வாசலில் பாப்பாத்தியும் நாங்கள் நாலைந்து பேரும் நின்றோம்.

“கலாமணிம்மா, பாசிட்டிவ்மா! நல்லா வந்திருக்கு, நம்பர் ரொம்ப நல்லா வந்திருக்கு. டாக்டரே ரெண்டு தடவ பாத்தாங்க.”

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பாப்பாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கலாமணி நின்ற இடத்திலேயே நின்றாள், வயிற்றைத் தொடப் போன கை பாதியில் நின்றிருந்தது.

“சிஸ்டர்” என்றாள். “எத்தனைன்னு தெரியுங்களா?”

“எத்தனையா?” அந்தப் பக்கம் சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். “நாங்க வெச்சதே ஒண்ணுதானேம்மா!”

அந்தச் சிரிப்பு ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருந்தது. வாசலில் நின்ற நாங்கள் யாரும் கூடச் சிரிக்கவில்லை.